மூடி சேராத கோப்பை

அன்று காலை அந்தக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வராதவர்கள்கூட வந்திருந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். பீங்கான் பட்டறையின் மூத்தவர். எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் அழைப்பார்கள். இறந்துபோன அவர் தம்பியின் மனைவி. தம்பியின் ஒரே மகள். வெளியூரில் இருக்கிறாள், பாத்திரங்களுக்கு வடிவம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். பெரியவரின் தங்கை, யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் வந்திருந்தாள். துப்பறிய வந்திருந்த டீச்சர். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த பெண்மணி. அவருடைய உதவியாள் கண்டக்டர். ஒரு காலத்தில் நிஜமாகவே பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். அவ்வளவுதான். அக்கம்பக்கத்தார் யாரும் இல்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது.

நடுவில் இருந்த மேஜைமேல் துணியில் சுற்றிய ஒரு பொருள். தம்பி கடைசிவரை மருந்து குடித்த கோப்பை.

தம்பி போன நாளிலிருந்து பெரியவருக்கு எதுவும் உறைக்கவில்லை. முன்னால் வைத்த காப்பியைக் குடித்தார். அதில் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள் என்பதைத் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அழவும் இல்லை. கல்நெஞ்சு என்று சிலர் சொன்னார்கள், பெரிய மனது என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் இல்லை. மரத்துப்போன கையை இது நம் கைதானா என்று தடவிப் பார்ப்போமே, அப்படி அவர் தன்னையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சரை வரவழைத்தது அவர்தான். தம்பிக்கு வலிப்பு நோய். ஒரு திரவ மருந்தில் அது நன்றாக அடங்கியிருந்தது. அடங்கியிருந்த நோய் திடீரென்று திரும்பி, வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆளைக் கொண்டுபோய்விட்டது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், உடம்பில் இருக்கவேண்டிய அளவுக்கு மருந்து இல்லை என்றார். அந்த ஒரு வாக்கியம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் அதற்குக் கை, கால், வால் எல்லாம் முளைத்துவிட்டது. மகள் புது மாதிரிக் கோப்பை ஒன்றைச் செய்து, பெற்ற அப்பாமேலேயே வெள்ளோட்டம் பார்த்தாள் என்றார்கள். அந்தக் கோப்பையை நோயாளிகளுக்காக வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பெரியவருக்கு வேறொரு எண்ணம் இருந்தது. மருந்துக்கடைக்காரன் தண்ணீர் கலந்திருப்பான். அதை டீச்சர் நிரூபித்துவிட்டால் வீட்டின் பெயரும் தப்பும், பெண்ணின் பெயரும் தப்பும்.

"மருந்துக்கடையிலேர்ந்துதான் வர்றோம்," என்று டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கடைக்காரர் மேல தப்பில்லை ஐயா."

"அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

"தண்ணி கலந்திருந்தா, பாட்டில் எப்பவும் போலத்தானே தீரும்? உங்க வீட்டுல தீரலை. முன்னாடியெல்லாம் நீங்க வர்ற சமயம் பார்த்து அடுத்த பாட்டிலை எடுத்து வெச்சிடுவாராம். கொஞ்ச நாளா, எடுத்து வெச்ச பாட்டில் மேல தூசு படியுற வரைக்கும் யாரும் வரலைன்னார்."

தங்கை சும்மா இருப்பாளா? "அப்ப வேளை தப்பியிருக்கு. அண்ணிக்கு மறதி."

"ஒரு வேளைகூட தப்பலை," என்றார் தம்பி மனைவி. குரலில் கோபம்கூட இல்லை.

"தப்பியிருக்காது," என்றார் டீச்சர். "மறதியா இருந்தா ஒரு பாட்டில் சீக்கிரம் தீரும், ஒரு பாட்டில் இழுத்துக்கிட்டுப் போகும். மறதிக்கு ஒழுங்கு ஏது? இங்க ஒவ்வொரு பாட்டிலும் ஒரே மாதிரி தாமதம்."

"எங்க டிப்போ வண்டி மாதிரி," என்றான் கண்டக்டர். "தினமும் லேட்டு. ஆனா தினமும் அதே லேட்டு. ஜனங்க அதைப் பாத்துத்தான் கடிகாரத்துக்குச் சாவி குடுப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டருக்கு அது பழக்கம்தான்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க," என்றார் பெரியவர்.

"ஒவ்வொரு வேளையும் ஊத்தினதே குறைச்சல். ஊத்தினவங்களுக்கே தெரியாம."

"இதைத்தானே ஊரே சொல்லுது!" தங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பொண்ணு செஞ்ச கோப்பையில அளவு தப்பு. டம்ளர்னு ஒண்ணு உலகத்துல இல்லாமலா போச்சு? இவ வந்துதான் கண்டுபிடிக்கணுமா?"

"அளவு தப்பில்லை அத்தை. திரும்பத் திரும்ப ஊத்திப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்," என்றாள் மகள்.

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஊத்திப் பாக்க நேரம் இருந்தவளுக்கு, அப்பாவை வந்து பாக்க நேரம் இல்லை."

டீச்சர் துணி மூட்டையின் முடிச்சில் கைவைத்தார், ஆனால் அவிழ்க்கவில்லை. "பிரிக்கறதுக்கு முன்னாடி சொல்லும்மா. நீ செஞ்ச கோப்பை எப்படி இருக்கும்?"

"அப்பாவுக்குக் கழுத்து பின்னால சாயாது. சாதா டம்ளர்ல குடிச்சா கடைசி மடக்கு வாய்க்கே வராது, அதுக்குள்ள விளிம்பு மூக்குல இடிச்சிடும். கரண்டியில ஊட்டலாம்னா வாயே திறக்கமாட்டார். 'நான் என்ன கைக்குழந்தையா'ம்பார். அதனால மூக்கு படுற இடத்துல விளிம்பை அரைவட்டமா வெட்டி எடுத்தேன். தலையை நிமிர்த்தி வெச்சுக்கிட்டே கடைசி சொட்டு வரைக்கும் குடிக்கலாம். ரெண்டு பக்கமும் காது, ரெண்டு கையாலயும் பிடிக்க. அடி கனமா இருக்கும், கை நடுங்கினாலும் கவிழாது. வெளிப்பக்கம் பளபளப்பு பூசலை, பூசினா வழுக்கும்."

"அளவுக்குக் கோடு?"

"கோடு போட்டா அம்மா கண்ணுக்குத் தெரியாது. அதனால கோப்பைக்கு நடுவுல ஒரு இடுப்பு வெச்சேன். உடுக்கை மாதிரி கொஞ்சம் உள்வாங்கி இருக்கும். இடுப்பு வரைக்கும் மருந்து. வெளியில விரல் வெச்சாலே எங்க நிறுத்தணும்னு தெரியும்."

"இடுப்பு இருக்கறவங்களுக்கு எல்லாமே சுலபம்," என்று கண்டக்டர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டான். "எனக்கு அது எங்க இருந்ததுன்னே மறந்துபோச்சு."

தம்பி இதையெல்லாம் கேட்டிருந்தால் மகளை நினைத்து நெஞ்சை நிமிர்த்தியிருப்பார் என்று பெரியவருக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர, உள்ளே எதுவும் அசையவில்லை.

டீச்சர் முடிச்சை அவிழ்த்தார். பால்வெள்ளைப் பூச்சில் பளபளத்தது கோப்பை. அடிப்பக்கத்தில் பட்டறையின் முத்திரை. பக்கத்தில் சாம்பல் நிறத்தில், பூச்சில்லாத ஒரு மூடி. டீச்சர் மூடியை எடுத்துக் கோப்பைமேல் வைத்தார். அது உட்காரவில்லை. அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்ட பிள்ளையைப்போல, ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது.

"கொஞ்ச நாளாவே அது லொடலொடன்னுதான் இருந்தது," என்றார் தம்பி மனைவி. "ஈ மொய்க்காம இருந்தா போதும்னு விட்டுட்டேன்."

"மூடி பெருசாச்சா, கோப்பை சின்னதாச்சா?" டீச்சர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் இதே சண்டைதான்," என்றான் கண்டக்டர். "நான் பெருத்துட்டேன்னு சம்சாரம் சொல்றா. சட்டை சுருங்கிடுச்சுன்னு நான் சொல்றேன்."

டீச்சர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கே."

"நான் சட்டையைப் பத்திச் சொன்னேன் டீச்சர்."

"நானும் அதைப் பத்தித்தான் சொல்றேன்."

அதற்குள் மகள் எழுந்து மேஜையருகே வந்திருந்தாள். அப்பா போனபிறகு அந்தக் கோப்பையை அம்மா அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதால், அவள் அதை இப்போதுதான் பார்க்கிறாள்.

"இது என் கோப்பை இல்லை."

"ஆஹா!" என்றாள் தங்கை. "மாட்டிக்கிட்டதும் நான் செய்யவே இல்லைன்னு சொல்லத் தோணுதா?"

"உன்னுதேதான்," என்று அம்மா ஜன்னலிடமே சொன்னார். "அத்தான்தான் பட்டறைக்கு எடுத்துட்டுப் போய், பூச்சு பூசி முத்திரை குத்தி எடுத்துட்டு வந்தாங்க."

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றார் அவர்.

கிட்டத்தட்ட அது உண்மைதான். அந்தக் கோப்பை முதல்நாளிலிருந்தே அவர் கண்ணை உறுத்தியது. சாம்பல் நிறம், சொரசொரப்பு, எந்த முத்திரையும் கிடையாது. ஊருக்கெல்லாம் கோப்பை செய்து கொடுக்கும் வீட்டில், வீட்டுப் பிள்ளையே யாரோ செய்ததுபோன்ற ஒரு பாத்திரத்தில் மருந்து குடிப்பதா? பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பளபளவென்று முத்திரையோடு அவர் கொண்டுவந்து கொடுத்தபோது, தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பதான் அண்ணே இது நம்ம வீட்டுச் சாமான்," என்று சிரித்தார்.

"பட்டறையைக் கொஞ்சம் பாக்கலாமா ஐயா?" என்றார் டீச்சர்.

பட்டறை அடுத்த தெருவில்தான். துக்கத்துக்காக மூடியிருந்தது. தங்கை வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நின்றுவிட்டாள். மற்றவர்கள் நடந்தார்கள். அம்மா முன்னால் போனார், மகள் பின்னால் வந்தாள். இருவருக்கும் நடுவே கோப்பையையும் மூடியையும் சுமந்துகொண்டு கண்டக்டர், "இறங்குறவங்களுக்கு வழி விட்டு நடங்க" என்று தெருவில் கிடந்த நாயிடம் சொல்லிக்கொண்டு வந்தான்.

உள்ளே சூளை ஆறிக்கிடந்தது. வெள்ளைத் தூசு எல்லாவற்றின்மேலும் படிந்திருந்தது. சுவரோரம் பலகை அடுக்குகளில், கயிறு கட்டிய பிளாஸ்டர் அச்சுகள். இன்னொரு பக்கம், அச்சு எடுப்பதற்கான மாதிரிகள்: தேநீர்க் கோப்பை, சாஸர், ஜாடி, கிண்ணம். பெரியவர் உள்ளே நுழைந்ததும் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார். நாற்பது வருடப் பழக்கம்.

கண்டக்டர் ஒரு தேநீர்க் கோப்பை மாதிரியைக் கையில் எடுத்தான். "ஐயா, இது யாருக்கு? யானைக்கா?"

"வெச்சிடுப்பா. அது விக்கற சாமான் இல்லை, மாதிரி."

"மாதிரின்னா அதே அளவுலதானே இருக்கணும்? இதுல டீ குடிச்சா அன்னிக்குச் சாப்பாடே வேண்டாமே."

தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் பெரியவர் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அன்றும் அவர் வாய் தானாகவே ஆரம்பித்தது. "மண்ணுன்னா சுருங்கும்ப்பா. காயறப்ப கொஞ்சம், சூளையில வேகறப்ப நிறைய. நமக்கு வேண்டிய அளவுல மாதிரி செஞ்சா, வெளியில வர்ற சாமான் சின்னதா இருக்கும். அதனால மாதிரியை எப்பவும் ஒரு சுத்து பெருசா செய்யணும். அப்பதான் சுட்டு எடுத்தப்புறம்..."

"சுட்டு எடுத்தப்புறம்?"

பெரியவரின் கண் கண்டக்டரின் இன்னொரு கையில் இருந்த கோப்பைமேல் இருந்தது.

டீச்சர் அவசரப்படவில்லை. "சுட்டு முடிச்ச கோப்பையில முத்திரை குத்த முடியுமா ஐயா?"

"முடியாது. பச்சை மண்ணா இருக்கறப்பதான் குத்தணும்."

"அப்ப எப்படிக் குத்தினீங்க?"

"புதுசா ஒண்ணு செஞ்சேன்."

"மாதிரி எது?"

"அவ செஞ்ச கோப்பைதான்," என்றார் பெரியவர். "சுட்ட கோப்பை. அது மேலயே நேரா அச்சு எடுத்தேன்."

ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே பிளாஸ்டர் கரைத்தார். அச்சுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை; தம்பிக்குத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்ற ஆசை. அச்சில் மண்கூழை ஊற்றினார், இறுகியதும் பிரித்தார், ஈரம் காய்வதற்குள் முத்திரையைக் குத்தினார். முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அளவைப் பற்றி நினைத்ததாக நினைவே இல்லை. பட்டறைக்கு வருகிற எந்தப் புது ஆளுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற விஷயம் அது. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரேபோலச் சுருங்கிய பொருள், அதன் மூத்தது பக்கத்தில் இல்லாதவரை, சின்னதாகத் தெரியாது.

"அம்மா," என்றாள் மகள். ஜன்னலோரம், பூச்சுத் தூரிகைகள் செருகியிருந்த ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்திருந்தாள். சாம்பல் நிறம், இரண்டு காது, மூக்குக்கு ஒரு வெட்டு. தூரிகைகளை மேஜைமேல் கொட்டிவிட்டு, உள்ளே கழுவித் துடைத்தாள். மூடியை வாங்கி அதன்மேல் வைத்தாள். டக்கென்று உட்கார்ந்தது.

பிறகு மூடியை எடுத்துவிட்டு, தன் கோப்பையில் இடுப்புவரை தண்ணீர் பிடித்தாள். அதை அப்படியே வெள்ளைக் கோப்பையில் ஊற்றினாள். தண்ணீர் அதன் இடுப்பைத் தாண்டியது. தாண்டியும் நிற்கவில்லை, மேலே ஏறியது.

"ஒவ்வொரு பக்கமும் பத்துல ஒரு பங்குதான் சுருங்கியிருக்கும்," என்றார் டீச்சர் மெதுவாக. "ஆனா நீளம், அகலம், உயரம் மூணும் கூட்டு சேர்ந்து திருடும். உள்ள கொள்ளுறது கால் பங்குக்கு மேல குறைஞ்சுபோயிடும். பசங்களுக்கு இந்தக் கணக்கைப் புரியவைக்கறதுக்குள்ள எனக்கு வருஷமே முடிஞ்சிடும்."

தம்பி மனைவி வெள்ளைக் கோப்பையை எடுத்து, இடுப்புக்கு மேலே நின்ற தண்ணீரை விரலால் தொட்டார். "இவ்வளவு அவருக்குப் போய்ச் சேரலை," என்றார். "ஒவ்வொரு வேளையும் இவ்வளவு." பிறகு, அன்று காலையிலிருந்து முதல்முறையாக, மகளை நேராகப் பார்த்தார். "நீ சரியாத்தான் அளந்திருக்கே."

கண்டக்டர் வாயைத் திறந்தான்; அந்த இடத்துக்குப் பொருத்தமான பேச்சு எதுவும் அகப்படவில்லைபோலும், மூடிக்கொண்டான்.

டீச்சர் பெரியவரைத் தனியாக வாசல் பக்கம் அழைத்துப்போனார். "என் வேலை முடிஞ்சுது ஐயா. உங்க தம்பி மருந்துக்கடையில தண்ணி கலந்து சாகலை, பொண்ணு அளவு தப்பா போட்டு சாகலை. இதுக்கு மேல எதுவும் வெளியில போகணும்னு இல்லை. கோப்பை மாறிப்போச்சு, யாரும் வேணும்னு செய்யலைன்னு சொன்னா ஊருக்குப் போதும்."

"மாறிப்போச்சுன்னா யாரு மாத்தினாங்கன்னு கேப்பாங்க. பதில் இல்லைன்னா இவ பேரைத்தான் திரும்பவும் சொல்லுவாங்க."

"உங்க பட்டறைப் பேரு..."

"எங்க முத்திரை விழுந்த சாமான் குறையோட திரும்பி வந்தா, நாங்க ஏன் எதுக்குன்னு கேக்கறதில்லை. வாங்கி வெச்சுக்கிட்டு எங்க தப்புன்னு சொல்லுவோம். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்." மற்றவர்கள் இரண்டு கோப்பைகளோடும் வெளியே வந்ததும் அவர் பட்டறைக் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவி கையில் இருப்பதே தெரியவில்லை. பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. துப்பு துலங்கிவிட்டதா என்று கேட்க, தெருவில் பாதிப் பேர் கூடத்தில் இருந்தார்கள். தங்கைக்குத் தனியாக இருந்து பழக்கமில்லை. கோப்பையை விலைக்குக் கேட்டுவிட்டுப் பின்வாங்கியவர்களில் ஒருவரும் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார்.

"பெரியப்பா, வேண்டாம்," என்றாள் மகள் அவர் காதருகே. "நான் பாத்துக்கறேன்."

"நீ எதுக்குப் பாத்துக்கணும்? நீ உன் வேலையைச் சரியா செஞ்சிருக்கே."

பெரியவர் இரண்டு கோப்பைகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அப்படி வைத்ததும் குழந்தைக்குக்கூடத் தெரியும், எது பெரியது எது சின்னது என்று. "சாம்பல் கலர்ல இருக்கறது என் தம்பி மக செஞ்சது. அதுல அளவு சரி. வெள்ளையா இருக்கறது நான் செஞ்சது. மண்ணு சுருங்கும்ங்கறதை மறந்துட்டு செஞ்சேன். அதுல மருந்து குறைஞ்சுது. அதுலதான் என் தம்பி குடிச்சான். தண்ணி ஊத்திப் பாக்கணும்னா பாருங்க, குடம் பின்கட்டுல இருக்கு."

"பெரியண்ணே, உங்களுக்கு என்ன தலையெழுத்து..." என்று தங்கை குரலெடுத்தாள்.

"நீ சும்மா இரு."

யாரும் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. மூலையில் நின்றவர் மட்டும் மெல்ல முன்னால் வந்து, சாம்பல் நிறக் கோப்பையை எடுத்து, இரண்டு காதிலும் விரலை நுழைத்து, தலையை நிமிர்த்தி வைத்தபடியே குடிப்பதுபோல உயர்த்திப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, "ரெண்டு நாள்ல வந்து பேசறேம்மா," என்றார்.

பெரியவர் நின்றுகொண்டே இருந்தார். நெஞ்சு உடைந்துவிடும், கால் தளர்ந்துவிடும், ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தார். எதுவும் நடக்கவில்லை.

"அத்தான்," என்றார் தம்பி மனைவி. "உக்காருங்க."

அது மன்னிப்பா, கோபமா, வெறும் மரியாதையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. உட்கார்ந்தார்.

அதன்பிறகு ஊரில் ஒரு பேச்சு கிளம்பி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பி மகளைக் காப்பாற்றுவதற்காகப் பெரியவர் தான் செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொண்டாராம். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்று வியக்கிறார்கள். குடும்பத்துக்குப் பெருமை தரும் பேச்சுதான். இருந்தாலும் பொய். அந்தக் கோப்பையைச் செய்தவர் அவர்.